சவுனா படிக்கு வலப்புறம், ஆறு அங்குலம்

தேட வேண்டிய பொருளைத் தன் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு தேடக் கிளம்புகிற ஆளுக்கு என்ன பெயர் வைப்பது? ரெய்னோ லாஹ்தி அன்று காலை ஐந்தரை மணிக்கு அப்படித்தான் கிளம்பினான். தோளில் மெட்டல் டிடெக்டர், கையில் துளைபோட்ட மண்வாரி, கழுத்தில் ஹெட்போன், கோட்டின் உள்பையில் ஒரு சின்னக் காகித உறை. உறைக்குள் அர்வோவின் கல்யாண மோதிரம். அதைத் தேடித் தரச் சொல்லித்தான் அர்வோவின் மனைவி ஹில்யா முந்தின நாள் போன் செய்திருந்தாள்.

"ரெய்னோ, உன் மெஷின் இன்னும் வேலை செய்யுதா?" என்று ஆரம்பித்தாள். "சனிக்கிழமை அர்வோவப் பொதைக்கிறோம். பெட்டிக்குள்ள அவன் மோதிரத்த வைக்கணும்னு ஆசை. மணல்லதான் விழுந்துச்சுன்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தான். ஒரு தடவ வந்து பாத்துடேன்."

"பாக்குறேன்" என்றான் ரெய்னோ.

அர்வோ ஜனவரியில் செத்தவன். அந்தப் பக்கத்தில் ஜனவரி மண்ணில் கடப்பாரைகூட இறங்காது. பனிக்காலத்தில் போனவர்கள் எல்லாம் கல்லறைத் தோட்டத்துக் கற்கொட்டகையில் பெட்டியோடு படுத்திருந்து, மண் இளகிய பிறகுதான் குழிக்குப் போவார்கள். மே கடைசியில் ஒவ்வொருவராக முறை வரும். அர்வோ நாலு மாதம் கொட்டகையில் காத்திருந்தான். அவன் மோதிரம் ரெய்னோவின் கார் ஷெட்டில், காப்பித்தூள் டப்பாவுக்குள், மூன்று வருஷமாகக் காத்திருந்தது.

ராத்திரியே திட்டம் போட்டாகிவிட்டது. ஹில்யா அந்தப் பக்கம் திரும்பும்போது மோதிரத்தை மணலில் அமுக்கிவிட வேண்டும். பிறகு கொஞ்ச நேரம் அங்கே இங்கே ஆட்டிவிட்டு, மெஷின் கூவினதும், "இதோ!" என்று எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஓடலாமா என்றும் யோசித்தான்தான். ஆனால் கிவி முனை என்கிற அந்தச் சின்ன ஊரில் மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கிற ஆள் அவன் ஒருத்தன். தபால் பெட்டியில் கிடந்தால் எல்லார் விரலும் அவன் பக்கம்தான் நீளும். அவன் ஒருத்தன்தான் என்று அவனும் அன்று காலை வரை நம்பிக்கொண்டிருந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. அர்வோவின் சவுனா ஏரிக்கரையிலேயே இருந்தது. மரப்பலகைக் குடிசை, உள்ளே உட்கார்ந்து வியர்ப்பதற்காக அடுப்பின் மேல் சுடக் காய்ந்த கற்கள், வெளியே மூன்று படி, படி இறங்கினால் மணல், மணலைத் தாண்டினால் சுப்பீரியர் ஏரி. சவுனாவுக்குள் எவனும் மோதிரத்தோடு போகமாட்டான். அந்தச் சூட்டில் உலோகம் விரலைப் பொசுக்கிவிடும். கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். அர்வோவுக்கு ஆணி எல்லாம் எதற்கு? மோதிரத்தைக் கழற்றித் தன் ஷூவுக்குள் போடுவான். அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை, வியர்க்க வியர்க்க வெளியே வந்து, ஏரியில் விழுந்து எழுந்து, ஷூவுக்குள் மணல் இருக்கிறதே என்று படியில் நின்றபடி தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறினான். மணலோடு மோதிரமும் போனது.

ஊரில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அடுத்த புதன்கிழமை விடிகாலையில் தண்ணீர் ஓரமாகவே மெஷினை ஆட்டிக்கொண்டு வந்த ரெய்னோ, பக்கத்தில் யாரும் இல்லையே என்று படி வரைக்கும் ஏறிப் போனான். கூவியது. தோண்டினான். உள்பக்கத்தில் இரண்டு பெயரும் வருஷமும் பொறித்த தங்க மோதிரம். பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. ரெய்னோ முப்பத்தொரு வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டியவன், எந்தத் தெருவை எத்தனை மணிக்குத் தள்ளினோம் என்று எழுதி எழுதிப் பழகிய கை. கிடைக்கிற துரு ஆணிக்குக்கூட ஒரு உறை போட்டு, பென்சிலால் என்ன, எப்போது, எங்கே, எவ்வளவு ஆழம் என்று எழுதாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. இதற்கும் எழுதினான். எழுதி, உறையைப் பையில் போட்டுக்கொண்டு, கொடுத்துவிடலாம் என்று நேராகக் கூட்டுறவுக் கடைக்குப் போனான். அர்வோ அந்த நேரத்தில் அங்கேதான் இருப்பான். ஆண்கள் கூட்டம் காப்பி குடிக்கிற மூலையில்.

சத்தியமாகக் கொடுக்கத்தான் போனான். அதை யாரும் நம்பமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அவன் உள்ளே நுழைந்ததுமே அர்வோ எழுந்தான். சூப்பு மொள்ளுகிற நீளக் கரண்டியை எடுத்தான். அதைத் தரையில் இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, "பீப்... பீப்..." என்று வாயால் கூவிக்கொண்டு, மேசை மேசையாக நடந்தான். நடையில் ரெய்னோவின் லேசான கால் இழுப்புகூட இருந்தது. ரெய்னோ உட்கார்ந்த நாற்காலிக்கு அடியில் வந்ததும், "பீப் பீப் பீப் பீப்!" என்று குதித்தான். குனிந்து எதையோ பொறுக்கி உயரத் தூக்கிக் காட்டினான். ஒரு சட்டைப் பட்டன்.

"யப்பா, புதையல் கெடச்சிருச்சுப்பா! நம்ம ரெய்னோ சட்டைல இருந்து விழுந்தது. பாவம், பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தா தெச்சுக் குடுத்திருப்பா."

கடை குலுங்கியது. டூலியோ என்கிற இத்தாலியக்காரன், ரெய்னோவின் சிநேகிதன்தான், மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்ததில் அவன் காப்பியே கொட்டிப்போனது. ரெய்னோ கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். அதைப் பற்றி அதுவரை யாரும் அவன் முகத்துக்கு நேரே பேசியதில்லை. அவன் கை கோட்டுப் பைக்குள், உறையின் மேல் இருந்தது. அங்கேயே இருந்துவிட்டது. 'அவனா வந்து கேக்கட்டும். வாயத் தொறந்து, "ரெய்னோ, உன் மெஷின எடுத்துட்டு வந்து தேடித் தா"ன்னு கேக்கட்டும், அப்பத் தர்றேன்' என்று முடிவு பண்ணினான்.

அர்வோ கேட்கவில்லை. அந்த வாரம் கேட்கவில்லை, அந்த மாதமும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு நாள், மோதிரம் தொலையவில்லை, நெடுஞ்சாலை சூதாட்ட விடுதிக்குப் போய் அர்வோதான் விற்றுத் தொலைத்தான் என்று பேச்சுக் கிளம்பியது. காப்பி மூலையில் அந்தப் பேச்சு வந்தபோது ரெய்னோவும் இருந்தான். எல்லாரையும் போல அவனும் சிரித்தான். சிரித்ததோடு நின்றிருக்கலாம். "மெஷின்னா எல்லா மெஷினும் பீப்னு மட்டுமா கத்தும்? சூதாட்ட மெஷின்னா மோதிரத்த முழுங்கிட்டு சும்மா இருக்கும்" என்று ஒரு வார்த்தையும் போட்டான். அன்றைக்கு அவன் ஜோக்குக்குத்தான் நிறையப் பேர் சிரித்தார்கள். நல்ல சந்தோஷமாக வீட்டுக்குப் போனான்.

இப்போது அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதெல்லாம் காது சூடாகிறது.

ஏரியில் கடைசிப் பனிப்பாளங்கள் கரையோரம் அழுக்காகக் கிடந்தன. சவுனா படியில் ஹில்யா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். தலையில் கம்பளிக் குல்லா, பக்கத்தில் காப்பிக் குடுவை, துணியில் சுற்றிய நீசு என்கிற இனிப்பு ரொட்டி. ஏலக்காய் மணம் தூரத்திலேயே வந்தது. ரெய்னோ அந்தப் பக்கம் பார்க்காமல் மெஷினை மணலில் இறக்கினான். விடியுமுன் எழுந்து அவனுக்காகச் சுட்டிருக்கிறாள்.

"வா வா. ஒன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? தூங்கலயா?"

"வயசாச்சு ஹில்யா."

"எனக்கு மட்டும் கொறயுதாக்கும். மொதல்ல காப்பி குடிக்கிறியா, அப்புறமா?"

"வேலய முடிச்சிட்டுக் குடிக்கிறேன்."

அவள் கை நீட்டிக் காட்டினாள். "இந்தப் படில நின்னுதான் ஷூவ உதறுனேன்னு சொன்னான். வலது பக்கமா."

ரெய்னோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு இடது பக்கமாக ஆரம்பித்தான். மெஷினை ஆட்டினான், நடந்தான், திரும்பினான். ஹில்யா இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒருத்தி கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பாள் என்று அவன் திட்டத்தில் எங்கேயும் இல்லை. ஒரு பாட்டில் மூடி வந்தது. ஒரு பழைய ஆணி வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் படியிலிருந்து பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தாள். மூன்றாம் தடவை அவள் எழுந்தபோது ரெய்னோவால் அவள் பக்கம் பார்க்க முடியவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் ஹில்யா. அவன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். "எனக்கு நம்பிக்கை இல்ல. சும்மா மனசு கேக்காமதான் ஒன்னக் கூப்பிட்டேன். அவன் வித்துட்டான்னுதான் எனக்குத் தோணும். ஊரெல்லாம் சொன்னதே நான்தான், தெரியுமா?"

"நீயா?"

"வேற யாரு? அந்த வருஷம் ரெண்டு மூணு தடவ சூதாட்டத்துக்குப் போயிட்டு வந்தான். கேட்டா ஷூவுல வெச்சேன், மணல்ல போச்சுங்கிறான். நாப்பது வருஷமா ஷூவுல வெக்கிறவன், அப்பவெல்லாம் போகாதது அன்னிக்கு மட்டும் எப்படிப் போகும்? கோவத்துல தங்கச்சிகிட்டச் சொன்னேன். தங்கச்சிகிட்டச் சொன்னா ஊர்கிட்டச் சொன்ன மாதிரிதான்." குடுவை மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள், திறக்கவில்லை. "அன்னிலேர்ந்து அவன்கூட நான் சவுனாவுக்குப் போகல. சனிக்கிழமைக்குச் சனிக்கிழம அவன் மட்டும் தனியா அடுப்ப மூட்டி, தனியா உக்காந்துட்டு வருவான். மோதிரத்தக் கொண்டு வா, அப்புறம் வர்றேன்னேன். கடைசி வரைக்கும் போகல."

ரெய்னோ சவுனாக் கதவைப் பார்த்தான். கதவுப் பக்கத்தில் ஆணி இருந்தது. அவன் தன் வீட்டுச் சவுனாவில் ஆயுசு முழுக்கத் தனியாகவே உட்கார்ந்தவன். ஒருத்தன் தனியாகப் போவதில் என்ன தண்டனை இருக்கிறது என்று அவன் யோசித்ததே இல்லை. தன்னால் இரண்டு பேர், அர்வோ சாகும்வரை, மனம் ஒட்டாமல் வாழ்ந்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. அர்வோவுக்கு ஒரு வாரம் மனசு கஷ்டப்படட்டும் என்று நினைத்தான், அவ்வளவுதான் நினைத்தான். இந்த 'அவ்வளவுதான்' இப்போது யாரிடம் எடுபடும்?

"இரு, இன்னொண்ணு இருக்கு, எடுத்துட்டு வர்றேன்" என்று ஹில்யா எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தாள்.

சந்தர்ப்பம் வந்துவிட்டது. அவள் முதுகு மறைந்ததும் ரெய்னோ படிக்கு வலது பக்கம் மண்டியிட்டான். உறையைப் பிரித்து மோதிரத்தைக் கவிழ்த்தான். அவசரத்தில் அது முதலில் ஷூ மேல் விழுந்தது. பொறுக்கி, நாலு விரல் ஆழத்துக்குக் கட்டைவிரலால் அமுக்கி, மேலே மணலைத் தடவிச் சமப்படுத்தினான். உறையை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டான். எழுந்தபோது, ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போதும் திருடனைப் போலவே செய்ய வேண்டியிருக்கிறதே என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஹில்யா திரும்பி வந்தாள். ஒரு கையில் ஊறுகாய் ஜாடி. இன்னொரு கையில் ஒரு மெட்டல் டிடெக்டர்.

மலிவு ரகம். தபாலில் வரவழைக்கிற, பிள்ளைகளுக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கிற மாதிரியான சாமான். பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"இது யாரோடது?" என்றான் ரெய்னோ. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"அவனோடதுதான். அவன் செத்த பொறவு விறகுக் கொட்டகைல கெடச்சுது. ரெண்டு கோடை, விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வெளிய போவான். மீன் புடிக்கப் போறான்னு நெனச்சேன், ஒரு நாளும் மீன் வந்ததில்ல. இதத் தூக்கிட்டு இங்கதான் நடந்திருக்கான். ஒன் கண்ணுல பட்டா மானம் போயிரும்னுதான் அந்த நேரத்துக்கு." லேசாகச் சிரித்தாள். "கடைல ஒன்ன அந்தப் பாடு படுத்திட்டு, அவனே ஒண்ணு வாங்கிருக்கான் பாரு."

ஜாடியைக் கொடுத்தாள். துரு ஆணிகள், பீர் மூடிகள், ஒரு தூண்டில் முள், உடைந்த ஸ்பூன். எல்லாம் கழுவித் துடைத்து வைத்திருந்தது. ரெய்னோ ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு கோடை. காலையில் நாலு மணிக்கு. இல்லாத மோதிரத்தை. அவனுக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. அழ அருகதை இல்லை என்பதால் ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் ஒரு தடவ இத வெச்சுப் பாக்குறேன்" என்றாள் ஹில்யா. "கெடச்சா அவன் மெஷின்லயே கெடைக்கட்டும். சுவிட்ச்சு இதுதானே?"

அவள் மெஷினை இரண்டு கையாலும் பிடித்து, விளக்குமாறு போட்டுப் பெருக்குகிற மாதிரி ஆட்டினாள். படியின் வலது பக்கம். வட்டத்தட்டு மோதிரத்தின் மேல் போனது. சத்தம் இல்லை. திரும்பி வந்தது. சத்தம் இல்லை. நேர் மேலே நின்றது. ஒன்றுமே இல்லை.

ரெய்னோ மெஷினின் பிடிக்கு மேலிருந்த சின்னத் திருகுப் பெட்டியை எட்டிப் பார்த்தான். பார்த்ததும் புரிந்தது. வேண்டாததை ஒதுக்குகிற திருகை அர்வோ முக்கால்வாசி திருப்பி வைத்திருந்தான். சோடா டப்பாவின் மூடி வளையம் வந்து வந்து தொல்லை பண்ணியிருக்கும். அதை ஒதுக்கிவிட்டால் நிம்மதி என்று திருப்பியிருப்பான். புதிதாக வாங்குகிறவன் எல்லாம் செய்கிற தப்பு. அந்த வளையமும் தங்க மோதிரமும் மெஷினுக்கு ஒரே குரலில்தான் கேட்கும். ஒன்றை வாயை மூடு என்றால் மற்றதும் மூடிக்கொள்ளும். மோதிரம் இங்கேயே கிடந்திருந்தாலும் அர்வோவுக்குக் கிடைத்திருக்காது.

ஹில்யா மெஷினைத் தாழ்த்தினாள். "பாத்தியா? ஒண்ணும் இல்ல. வித்துதான் தொலச்சிருக்கான். சாகும்போதும் பொய் சொல்லிட்டுத்தான் போயிருக்கான்." குரல் கோபமாக ஆரம்பித்து நடுவில் உடைந்தது. "போதும் ரெய்னோ. விடு. காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பு."

"இரு" என்றான் ரெய்னோ. கை தானாகவே நீண்டு திருகை அடிமட்டத்துக்குத் திருப்பியது. "இப்ப ஆட்டு."

ஆட்டினாள். மெஷின் கீச்சென்று கூவியது. ஹில்யா பயந்து பின்னால் போனாள். பிறகு மெஷினைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் மணலை வாரினாள். மண்வாரியை நீட்டினான், அவள் அதைப் பார்க்கவே இல்லை. நாலு விரல் ஆழம்தானே. உடனே கிடைத்தது.

கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு உள்பக்கத்து எழுத்தைப் படித்தாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொய் சொல்லல" என்றாள். "ரெய்னோ, அவன் பொய் சொல்லலடா. நான்தான்... அய்யோ, நான்தான்."

ரெய்னோ அவள் முதுகில் கை வைக்கலாமா என்று யோசித்து, வைக்காமல் நின்றான். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மெஷினை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"இந்தத் திருகுதானா? இதத் திருப்பாமதானா ரெண்டு வருஷம் இதுக்கு மேலயே நடந்தான்?"

ரெய்னோ குனிந்து தன் மண்வாரியிலிருந்த மணலைத் துடைத்தான்.

பாருங்கள், எவ்வளவு வசதியாக அமைந்துவிட்டது. அவன் ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டாம். 'ஆமாம்' என்று தலையாட்டினால் போதும். மோதிரம் கிடைத்துவிட்டது, அர்வோ யோக்கியன் ஆகிவிட்டான், ஏன் இத்தனை நாள் கிடைக்கவில்லை என்பதற்குக் காரணமும் மெஷினே சொல்லிவிட்டது. சாகிறவரை எவனுக்கும் தெரியப்போவதில்லை. ரெய்னோ தலையாட்டவும் செய்தான். இதுவும் நடந்தது, மறைப்பதற்கில்லை.

ஹில்யா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். "மடையன்! ஒரு வார்த்த ஒன்கிட்டக் கேட்டிருந்தா முடிஞ்சு போயிருக்குமே! கௌரவம் தடுத்திருக்கு தொரைக்கு. இந்தாப்பா, சனிக்கிழமை அடக்கம் முடிஞ்சு சர்ச் நிலவறைல காப்பி குடுக்கிறப்ப, நீ எந்திரிச்சு இத அப்படியே சொல்லணும். திருகு எதுன்னே தெரியாம ரெண்டு வருஷம் மணல்ல நடந்தான்னு. அவன மாதிரியே நடந்து காட்டு. எல்லாரும் சிரிக்கட்டும். ஒன்ன எத்தன பாடு படுத்திருக்கான், நீ திருப்பிக் குடுத்தா அவனே சிரிப்பான்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் கூட்டுறவுக் கடை நாற்காலியில் காது சிவக்க உட்கார்ந்திருந்தபோது ரெய்னோ கேட்ட வரம் சரியாக இதுதான். அர்வோவை ஊர் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரிக்கவைக்கிறவன் தானாக இருக்க வேண்டும். இப்போது அர்வோவின் பெண்டாட்டியே அதைத் தட்டில் வைத்து நீட்டுகிறாள், கூடவே ஏலக்காய் ரொட்டியும்.

ரெய்னோ உள்பையிலிருந்து கசங்கிய உறையை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"என்னது?"

"படி."

அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். "அர்வோவின் மோதிரம். ஆகஸ்ட் பதினொண்ணு. சவுனா படிக்கு வலப்புறம். ஆறு அங்குலம்." அவளுக்கு உடனே விளங்கவில்லை. தேதிக்குப் பக்கத்திலிருந்த வருஷத்தைப் பார்த்தாள், மூன்று வருஷத்துக்கு முந்தையது. மணலில் தான் தோண்டிய குழியைப் பார்த்தாள். பிறகு ரெய்னோவைப் பார்த்தாள்.

"எங்கிட்டத்தான் இருந்துச்சு" என்றான். "நீ வீட்டுக்குள்ள போனப்ப பொதச்சேன்."

"மூணு வருஷமா?"

"ம்."

"அவன் வித்துட்டான்னு ஊரே பேசுனப்பவும் ஒங்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு. நானும் சேந்து பேசுனேன்."

"ஏன்?" என்றாள் ஹில்யா. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ரெய்னோ சொன்னான். கரண்டி, பீப் பீப், நாற்காலிக்கு அடியில் இருந்த பட்டன், பெண்டாட்டி இருந்தால் தைத்துக் கொடுத்திருப்பாள் என்றது. கொடுக்கத்தான் போனேன் என்றான். அவனா வந்து கேட்கட்டும் என்று இருந்தேன் என்றான். மூன்று வருஷமாக மலைபோல மனதில் நின்ற அநியாயம், அந்தக் குளிரில் வாயைவிட்டு வெளியே வந்தபோது அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வேறு ஏதாவது இருக்கிறதா, சொல்ல மறந்தோமா என்று யோசித்துப் பார்த்தான். வேறு ஒன்றும் இல்லை.

"ஒரு பட்டனுக்கா?" என்றாள் ஹில்யா.

அவன் கழுத்திலிருந்து ஹெட்போனைக் கழற்றினான்.

"ஒரு பட்டனுக்கா ரெய்னோ?"

அவள் எழுந்தாள். முழங்காலிலிருந்த மணலைத் தட்டவில்லை. மோதிரத்தைத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, அர்வோவின் மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஜாடியை எடுத்தாள். குடுவையையும் எடுத்தாள். உறையை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"இத நீயே வெச்சுக்க. சனிக்கிழமை இதத்தான் படிக்கணும்."

"ஹில்யா, ஒங்கிட்டச் சொல்லிட்டேன். வேணும்னா ஒன் தங்கச்சிகிட்டயும்..."

"எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? அவன் வித்தான்னு நான் ஊருக்குச் சொன்னேன். ஊருக்குச் சொல்லு. அந்தக் கடைல சிரிச்சவன் ஒருத்தன் பாக்கியில்லாம வருவான். எல்லார் முன்னாடியும் படி. அப்புறமா எந்திரிச்சு, அவன்கூடச் சவுனாவுக்குப் போகாம இருந்தத நான் சொல்லிக்கிறேன். அது என் பாடு." இரண்டடி போய்த் திரும்பினாள். "அந்தக் குழிய மூடிட்டுப் போ."

மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு அது முதல் பாடம். தோண்டின குழியை மூடாமல் போகக்கூடாது. இருபது வருஷத்தில் ரெய்னோ ஒரு குழியைக்கூடத் திறந்து விட்டதில்லை. அன்று அவளாகச் சொல்லும்வரை அது அவன் நினைவில் இல்லை. மண்டியிட்டுக் கையாலேயே மூடினான். ரொட்டி படியின் மேல், துணிச்சுற்றோடு கிடந்தது. அவள் மறந்தாளா, விட்டுப்போனாளா தெரியாது. அவன் அதைத் தொடவில்லை.

சனிக்கிழமைக்குள் மூன்று தடவை காரில் தன் துணிப்பெட்டியை ஏற்றினான். தெற்கே டுலூத்தில் அக்காள் மகன் இருந்தான். அங்கே போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம். மூன்று தடவையும் இறக்கினான்.

அடக்கம் முடிந்து எல்லாரும் சர்ச் நிலவறைக்கு வந்தார்கள். நீள மேசைகள், பெரிய காப்பிப் பாத்திரம், உருளைக்கிழங்கும் மாமிசமும் வைத்துச் சுட்ட பேஸ்டிகள். ஹில்யா முன்வரிசையில் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தாள், அவ்வளவுதான். ரெய்னோ எழுந்து நின்றான். பேச்சு அடங்கியது. அவன் பேச எழுந்ததை அந்த ஊர் பார்த்ததே இல்லை.

அர்வோவைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போகிறான் என்று நினைத்துக்கொண்ட டூலியோ, பின்னால் மூலையில் காப்பிக் கரண்டியைத் தூக்கி இடமும் வலமும் ஆட்டினான். "பீப்... பீப்..."

சின்னச் சிரிப்பு ஒன்று கிளம்பி மேசை மேசையாகப் பரவியது. நல்ல சிரிப்பு, பிரியமான சிரிப்பு, அர்வோவுக்கான சிரிப்பு. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரெய்னோ அது முழுதாக அடங்கும்வரை நின்றான். பிறகு கசங்கிய உறையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, வருஷத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான்.